சைக்கிள் டைனமோவும் ஒரு சின்ன விமானமும்

கனநாளாக இந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. கோடை காலத்தில் ரெஸ்ரோரண்ட் இரண்டு நேரமும் நிறைந்து வழியும். இரவு பன்னிரண்டுக்கு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் கணினியைத் திறக்க மனம் வராது. ஆனால் இந்தமுறை காரணம் வேலை மட்டுமில்லை. மூன்று கிழமையாக இரவிலே நான் வாசித்துக்கொண்டிருந்தது ஒரு விமான எஞ்சினின் கைநூல். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான்.

எங்கள் பத்றோனிடம் ஒரு சின்ன விமானம் இருக்கிறது. பெரிய பணக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பிரான்சில் யூ.எல்.எம். என்று சொல்லும் இரண்டு பேர் இருக்கிற சிறிய வகை. பழையதாக வாங்கியது. பட்டணத்துக்கு வெளியே, கோதுமை வயல்களுக்கு நடுவில் ஒரு புல்லு ஓடுபாதையில் நிற்கிறது. திங்கட்கிழமை கடை பூட்டு. அன்றைக்கு அவர் பறப்பார். இந்த வகை விமானத்தைப் பராமரிக்கும் பொறுப்பு இங்கே சொந்தக்காரருடையது. சான்றிதழ் பெற்ற மெக்கானிக்தான் கை வைக்கவேண்டும் என்று சட்டமில்லை. என் தலையிடி தொடங்கியது அந்த இடத்தில்தான்.

ஜூன் மாதம் ஒரு திங்கள் பறந்துகொண்டிருந்தபோது அவருடைய வோல்ற் மீற்றர் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் றேடியோ கரகரத்து நின்றுபோனது. பிறகு ஜீ.பீ.எஸ். திரையும் போனது. எஞ்சின் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்ததாம். பத்திரமாக இறங்கிவிட்டார். செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, அந்த எரிந்த பெட்டியைக் கொண்டுவந்து என் பலகையில் வைத்தார். உள்ளங்கை அளவு, அலுமினியச் செட்டைகள் வைத்த பெட்டி. ஒரு பக்கத்துப் பிளாஸ்ரிக் கபில நிறமாக உருகியிருந்தது.

"நீ எலக்ரிக்கல் படிச்சனி எல்லோ? இதுக்குப் பதிலா எதை வாங்கிறது எண்டு சொல்லு."

எலக்ரிக்கல் படித்தவன்தான். பேராதனையில் மூன்றாம் வருடம் வரைக்கும். 2006இல் விட்டுவிட்டு வந்தேன், அந்தக் கதையைப் பழைய பதிவொன்றில் எழுதியிருக்கிறேன். இந்தக் கடையில் கோப்பை கழுவும் மெசினின் கட்டுப்பாட்டுப் பலகையை இரண்டு முறை திருத்தியிருக்கிறேன், குளிர் அறையின் ரிலே ஒன்று மாற்றியிருக்கிறேன். பத்றோனுடைய கணக்கில் அதுவே ஒரு பட்டம். ஆனால் கோப்பை கழுவும் மெசின் நின்றால் கோப்பையைக் கையால் கழுவலாம். ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கிற மனிசன் விசயம் அப்படியில்லையே.

அன்றிரவு ரொறன்ரோவிலிருக்கிற என்னுடைய பேராதனை நண்பனுக்கு அடித்தேன். அவன் படிப்பை முடித்தவன், கையெழுத்துப் போட்டால் செல்லுபடியாகும் எஞ்சினியர்.

"உனக்கென்ன மச்சான் விசரே? ஏதும் நடந்தால் உன்ர தலையிலதான் விடியும். தெரியாது எண்டு சொல்லிப்போட்டு வெங்காயத்தை வெட்டு."

அவன் சொன்னது புத்தியான கதை. ஆனாலும் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபது வருடத்தில் ஒருவர் என்னிடம் நான் படித்த விசயத்தைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எஞ்சின் ரோட்டாக்ஸ் 912, 80 குதிரைவலு. ஒஸ்ரியாவில் குன்ஸ்கிர்கன் என்ற இடத்தில் செய்வது. இந்த அளவு விமானங்களில் உலகம் முழுக்கப் பரவலாக இருக்கிற எஞ்சின் இது. காரில் இருக்கிற அல்ரனேற்றரில் நடுவில் சுழலும் மின்காந்தத்துக்கு நாம்தான் மின்சாரம் கொடுக்கிறோம். அந்தக் கரண்டைக் கூட்டிக் குறைத்தால் வெளியே வரும் வோல்ற் கூடிக் குறையும், காரின் ரெகுலேற்றர் செய்வது அதைத்தான். லைக்கமிங் போன்ற பெரிய எஞ்சின் பூட்டிய விமானங்களிலும் பெரும்பாலும் அதே முறைதான். ஆனால் இந்த 912இன் உள்ளே இருப்பது நிரந்தரக் காந்தம். அதை நிற்பாட்ட முடியாது. எஞ்சின் சுற்றும்வரை அது மின்சாரத்தைத் தந்துகொண்டேயிருக்கும், வேகம் கூடக் கூட வோல்ற்றும் ஏறும். அந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதுதான் முழுக் கேள்வியும்.

கைநூலில் அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு உடனே விளங்கிவிட்டது. பேராதனையில் படித்ததால் இல்லை. இதே கேள்விக்கு என்னுடைய ஒன்பது வயதில் பதில் பார்த்தவன் நான்.

யாழ்ப்பாணத்தில் இருந்த என் வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கினபிறகு கரண்ட் போனது, பிறகு வருடக்கணக்காக வரவில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். செய்தி கேட்கவேண்டும் என்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லோடு அழுத்தி, பெடலைக் கையால் சுற்றவேண்டும். அண்ணா நான்கு டயோட்டையும் ஒரு கப்பாசிற்றரையும் ஒட்டி றேடியோவுக்கு வயர் இழுத்திருந்தார். பி.பி.சி. தமிழோசை முடியும்வரை சுற்றுவது என் வேலை. மெல்லச் சுற்றினால் சத்தம் அழுங்கும். வேகமாகச் சுற்றினால் றேடியோ எரியும். ஆறு வோல்ற் என்று டைனமோவில் எழுதியிருந்தாலும், ஹெட்லைற் பல்ப்பைக் கழற்றிவிட்டு றேடியோவை மட்டும் பூட்டிச் சுற்றினால் அது ஆறில் நிற்காது, எங்கேயோ போகும். அப்படித்தான் மாமா வீட்டு றேடியோ புகைந்தது. எங்கள் வீட்டு ரெகுலேற்றர் என்னுடைய வலது கை. குண்டு விழுகிற சத்தம் கேட்டாலும் கை ஒரே வேகத்தில் சுற்றவேண்டும். அப்பா ஒருமுறை, "பொடியன் நல்லாச் சுத்துறான்" என்றார், அவர் என்னைப் பாராட்டியதாக ஞாபகத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

பிறகு அண்ணா ஒரு வேலை செய்தார். பல்ப்பைத் திரும்ப றேடியோவுக்குப் பக்கத்தில் சேர்த்துப் பூட்டினார். நான் வேகமாகச் சுற்றினால் மிச்சத்தைப் பல்ப்பு தின்றுவிடும், றேடியோ தப்பும். ஆனால் என் கை இரண்டு மடங்கு நோகும், ஏனென்றால் பல்ப்பு எரிகிற கரண்டும் என் தோளில் இருந்துதான் வருகிறது.

ரெகுலேற்றரில் இரண்டு சாதி உண்டு என்று கைநூல்களில் இருப்பதும் இதுதான். ஒன்று, மிச்சத்தைத் தானே விழுங்குகிற வகை. சுருளை இடைக்கிடை ஷோர்ட் பண்ணிவிடும். மோட்டார்சைக்கிள்களில் வருகிற மலிவான பெட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். உங்களுக்குக் கரண்ட் தேவையோ இல்லையோ, சுருள் எந்நேரமும் முழு வேலை செய்து சூடாகிக்கொண்டிருக்கும். மற்றது, தேவையில்லாதபோது கதவைச் சாத்திவிடுகிற வகை. தைரிஸ்ரர் திறந்தால் கரண்ட் போகும், திறக்காவிட்டால் சுருள் சும்மா இருக்கும். 912 உடன் வருவது இந்த இரண்டாவது வகை.

பத்றோனுக்கு ஓடுபாதையில் ஒரு நண்பர் இருந்தார், எல்லாம் தெரிந்தவர். இணையத்தில் 35 ஈரோவுக்கு ஒரு மோட்டார்சைக்கிள் ரெகுலேற்றரைக் காட்டி, "50 ஆம்பியர் எழுதியிருக்கு, இதைப் போடு" என்று சொல்லியிருக்கிறார். நான் படத்தைப் பார்த்தேன். மூன்று மஞ்சள் வயர், அதாவது மூன்று கட்டச் சுருளுக்குச் செய்தது. எங்கள் எஞ்சினில் இருப்பது இரண்டு மஞ்சள் வயர், ஒரே கட்டம். அதுவும் விழுங்குகிற சாதி. எங்கள் சுருள் எஞ்சினின் பின்பக்கத்தில், தீப்பொறிக்கான சுருள்களோடு ஒரே வட்டத்தில் இருக்கிறது. அன்றைக்கு றேடியோ செத்தும் எஞ்சின் நிற்காததற்குக் காரணமே தீப்பொறிக்கென்று தனிச் சுருள் இருந்ததுதான். பெற்றோல் பம்பையும் எஞ்சினே சுழற்றுகிறது, கரண்ட் பம்ப் வெறும் உதவிக்கு. அப்படியிருக்க, பற்றரிச் சுருளை எந்நேரமும் காய்ச்சுகிற ஒரு பெட்டியைப் போட்டு, பக்கத்தில் இருக்கிற தீப்பொறிச் சுருளையும் சேர்த்து வேகவைப்பது புத்தியா? பெட்டியில் 50 என்று எழுதினால் சுருளில் 50 வராது. எஞ்சின் 5800 சுற்றில் ஓடும்போது முழுக்கத் தருவதே 250 வாட். 13.5 ஆல் பிரித்தால் பதினெட்டரை ஆம்பியர், அவ்வளவுதான்.

"அப்ப எதை வாங்கிறது?" என்றார் பத்றோன். எதை வாங்குவது என்று சொல்லமுன் பழையது ஏன் எரிந்தது என்று பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் புதியதையும் எரிப்போம் என்றேன். அவருடைய முகம் சுருங்கியது. இந்த மனிசனுக்குக் கேள்வி கேட்டவுடன் மறுமொழி வேண்டும், சமையலறையிலும் அப்படித்தான்.

அடுத்த திங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுதவேண்டும். சின்ன விமானம் என்றால் எங்கட ஆக்கள் பலருக்கு 2007 மார்ச், கட்டுநாயக்கா ஞாபகம் வரும். எனக்கு வருவது அதுவல்ல. எனக்கு வருவது சியாமாசெட்டி. இத்தாலியில் விமானிகளைப் பழக்குவதற்கென்று செய்த சின்ன விமானம். அதை எண்பதுகளின் நடுவிலேயே அரசாங்கம் வாங்கி எங்கள் தலைக்கு மேல் குண்டு போட விட்டது. அதன் எஞ்சின் டேர்பைன், இது பிஸ்டன். சத்தம் வேறு. என் காதுக்கு அந்த வித்தியாசம் தெரியும், முதுகுக்குத் தெரியாது. பத்றோன் எஞ்சினைத் திருகி, சின்னச் செட்டை சுற்றத் தொடங்கியதும் நான் கொட்டகைச் சுவருக்குப் பின்னால் போய் நின்றேன். எப்போது நடந்தேன் என்றே தெரியவில்லை. அவர் கண்ணாடிக்குள்ளால் என்னைத் தேடியிருக்கிறார். மூத்திரம் பெய்யப் போனதாகச் சொன்னேன்.

அளந்தது இதுதான். மஞ்சள் வயர் இரண்டையும் கழற்றி, நீட்டு வயர் பூட்டி உள்ளே கொண்டுபோய் பத்றோனையே மீற்றரைப் பிடிக்கச் சொன்னேன் (ஓடுகிற செட்டைக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது). வேகம் கூட வோல்ற் ஒழுங்காக ஏறியது, சுருளில் பிழையில்லை. எஞ்சினை நிற்பாட்டிவிட்டு மற்ற வயர்களைப் பார்த்தேன். பெட்டியில் சீ என்று எழுதிய ஒரு முனை உண்டு. பற்றரியில் எவ்வளவு வோல்ற் இருக்கிறது என்று ரெகுலேற்றர் பார்ப்பது அந்த வயரால்தான். அந்த வயர் பழைய சுவிட்ச் ஒன்றையும் துருப்பிடித்த ஃபியூஸ் கூடொன்றையும் சுற்றிக்கொண்டு வந்தது. பற்றரியில் இருந்ததற்கும் அந்த முனையில் வந்ததற்கும் அரை வோல்ற் வித்தியாசம். 13.5இல் நிற்பாட்டவேண்டிய பெட்டி, இன்னும் 13 தான் என்று நம்பிக்கொண்டு 14க்குத் தள்ளியிருக்கும். பாவம், அதற்குச் சொல்லப்பட்டது பொய்.

மற்றது, பெட்டியைப் பூட்டியிருந்த இடம். எஞ்சினுக்கும் ஆள் இருக்கிற அறைக்கும் நடுவில் இருக்கிற தகட்டில், புகைக்குழாய்க்கு ஒரு முழம் தள்ளி. அதுவும் பெயின்றுக்கு மேலே. இந்தப் பெட்டிக்கு உடம்புதான் மைனஸ், பெயின்றுக்கு மேலே பூட்டினால் அது எங்கே நிலம் தொடும்? 10 ஆம்பியர் போகும்போது உள்ளே கிட்டத்தட்ட இரண்டு வோல்ற் இழக்கும். அது 20 வாட் சூடு. 15 ஆம்பியர் போனால் 30 வாட். 30 வாட் என்பது ஒரு சோல்டரிங் அயன். கைநூல் 80 பாகைக்கு மேல் போகவிடாதே என்கிறது. நான் சமையலறையில் எண்ணெய்ச் சூடு பார்க்கிற தெர்மோமீற்றரைக் கொண்டுபோயிருந்தேன், தூரத்திலிருந்து சிவப்புப் புள்ளி காட்டி அளக்கிறது. எஞ்சின் ஓடி நின்று பத்து நிமிடத்தில் அந்தத் தகடு மட்டுமே 74 காட்டியது. நின்றபிறகுதான் சூடு ஏறுகிறது, ஓடும்போது அடிக்கிற காற்று இல்லையே. அதற்கு மேலே சோல்டரிங் அயனையும் ஏற்றிப்பாருங்கள்.

மூன்றாவதை பத்றோன் கடைசி மட்டும் சொல்லவில்லை, நானே கண்டேன். இருக்கைக்குப் பின்னால் புதிய லித்தியம் பற்றரி. போன குளிர்காலம் மாற்றியிருக்கிறார், மூன்று கிலோ குறையும் என்று. லித்தியம் பசியுள்ள சாமான். ஸ்ராற் பண்ணிக் கொஞ்சம் இறங்கியதும், ஈயப் பற்றரி மாதிரி மெல்ல மெல்லக் குடிக்காது, கொடுக்கிறதெல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுக்கும். ஒவ்வொரு முறையும் புறப்படும்போது, எஞ்சின் அறை சூடாக இருக்கும் நேரத்தில், ரெகுலேற்றர் தன் முழுப்பலத்தில் ஓடியிருக்கிறது. இது நல்ல மாதிரிச் செத்த ரெகுலேற்றர். தைரிஸ்ரர் திறந்தபடி ஒட்டிப்போய்ச் செத்திருந்தால் வோல்ற் 16, 17 என்று ஏறியிருக்கும். சில லித்தியம் பற்றரிகள் அப்போது தங்களைத் தாங்களே கழற்றிக்கொள்ளும். பற்றரி இல்லாமல் ஓடவே ஓடாதே என்று கைநூல் சொல்கிற நிலைமைக்கு அப்போது போய்விடுவோம். றேடியோவும் மற்றதும் எரியும். கழற்றிக்கொள்ளாத பற்றரி என்றால் அதுவே எரியும், அவருடைய முதுகுக்குப் பின்னால்.

இதைச் சொன்னபோதுதான் பத்றோன் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் நின்றார்.

தெரிவுக்கு வருகிறேன். கூடிய வோல்ற் தருகிற, லித்தியத்துக்கென்றே செய்த கதவு சாத்துகிற வகைப் பெட்டிகளும் சந்தையில் உண்டு, ஒரே கட்டத்துக்கும் உண்டு. பத்றோனுக்கு அதில்தான் கண். கெட்ட சாமான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவருடைய றேடியோ, ட்ரான்ஸ்பொண்டர், விளக்கு, திரை எல்லாம் சேர்த்து நான் அளந்தது ஒன்பது ஆம்பியர். அதற்கு எஞ்சினோடு வருகிற பெட்டியே தாராளம். அதன் குணம் பல்லாயிரம் எஞ்சின்களில் தெரிந்தது, எப்படிச் சாகும் என்பதும் தெரிந்தது. ஆகவே நான் எழுதிக்கொடுத்தது: அதே பெட்டி புதிது. பழையபடி ஈயப் பற்றரி, மூன்று கிலோவை உங்கள் வயிற்றில் குறையுங்கள் (இதை உண்மையாகவே சொன்னேன், சிரித்தார்). பெட்டி இருக்கவேண்டியது தகட்டின் மற்றப் பக்கம், ஆள் இருக்கிற பக்கம், வெளிக்காற்றுக் குழாய் ஒன்றோடு. பெயின்றைச் சுரண்டி வெறும் உலோகத்தில் பூட்டி, உடம்பிலிருந்து பற்றரி மைனசுக்குத் தனி வயர். சீ முனைக்குப் புதுச் சுவிட்ச், குறுக்குவழியில். 22,000 மைக்ரோஃபரட் கப்பாசிற்றரும் புதிது. வோல்ற் 15ஐத் தாண்டினால் எரிகிற ஒரு சிவப்பு விளக்கு. கடைசி வரியாக, இவ்வளவையும் ஒரு விமான மெக்கானிக் பார்த்துக் கையெழுத்து வைக்காமல் பறக்கக்கூடாது என்று எழுதினேன்.

"சட்டத்தில அது தேவையில்லை. உன்னை நான் நம்புறன்."

"நான் என்னை நம்பேல்லை, முசியூ. எனக்கு மூன்று வருசப் படிப்புத்தான்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு சரி என்றார். மெக்கானிக் வந்து இரண்டு மணித்தியாலம் பார்த்தார். ஒரே ஒரு இணைப்பியை மாற்றச் சொன்னார், மற்றதெல்லாம் சரி. இதை யார் வரைந்தது என்று கேட்டபோது பத்றோன், "என்ர எஞ்சினியர்" என்றிருக்கிறார். எனக்கு அது பிடித்ததா பிடிக்கவில்லையா என்று இன்னும் யோசிக்கிறேன். சம்பளத்தில் ஒன்றும் கூடவில்லை.

ரொறன்ரோக்காரனுக்கு வரைபடத்தை அனுப்பினேன். ஒரு நாள் கழித்து, "பிழையில்லை" என்று ஒற்றைச் சொல் வந்தது. பிறகு இன்னொன்று: "அந்தச் சீ வயரை எப்பிடியடா பிடிச்சனி?"

என்னையும் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று பத்றோன் இதுவரை மூன்று முறை கேட்டுவிட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டுச் சொல்கிறேன். போன திங்கள் கடை பூட்டு என்றாலும் மறுநாள் ஒரு கல்யாண விருந்து இருந்ததால் நான் வந்து பின்முற்றத்தில் இருந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். பத்து மணி போல சத்தம் கேட்டது. அவர் கடைக்கு மேலால் ஒரு வட்டம் அடித்தார். எனக்கு முதுகு குறுகி, கண் தன்பாட்டில் மதில் ஓரத்தைத் தேடியது. கத்தி கையிலேயே இருந்தது. சத்தம் ஒரே சீராக இருந்தது, ஏறவுமில்லை இறங்கவுமில்லை. 5000 சுற்று இருக்கும், 13.6 காட்டும் என்று நினைத்தேன். பின்னேரம் அவர் வந்தபோது கேட்டேன். 13.6 தானாம்.